மூன்று புள்ளித் துப்பாக்கி

அவைக்குத் தலைமை தாங்கும் கொள்முதல் குழுத் தலைவர் அவர்களே, ஆணையில் ஒப்பமிட்ட அதிகாரிகளே, முதுகு வளையாத மூத்த வீரர்களே, பெற்ற பிள்ளைகளை ரிசர்வ் படைக்குக் கொடுத்துவிட்டுப் பெருமையும் பயமுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பழையவற்றுக்கு மாற்றாக அரசு வாங்கியிருக்கும் புதிய துப்பாக்கிகளை வாழ்த்திப் பேச, ஆயுதக் கிடங்கு மெக்கானிக்கான என்னை அழைத்தீர்கள். என்ன பளபளப்பு, என்ன வார்னிஷ் வாசம்.

ஆனால் ஏன் மாற்றினோம்? மறந்துவிட்டீர்களா? விசையை யாரும் தொடாமலே வெடித்தவை பதினேழு. என் தம்பி செய்ததெல்லாம் பயிற்சி முடிந்து துப்பாக்கியைத் தரையில் ஊன்றியதுதான். கவனக்குறைவு என்று எழுதி அவனோடு சேர்த்து உண்மையையும் புதைத்தார்கள். அவன் மனைவி என்னிடம் கேட்டாள்: "மாமா, அவரு தொடவே இல்லைன்னு நீங்களாவது நம்புறீங்களா?"

நம்பினேன். அவை என்றைக்காவது திரும்பி வந்தால் எனக்கு அடையாளம் தெரிய வேண்டும்; வெளியே அடையாளம் போட்டால் மேலிடம் திட்டும். அதனால் அந்தப் பதினேழிலும், தோளில் பதியும் கட்டையின் அடித்தகட்டைக் கழற்றி, உட்புறம் மும்மூன்று புள்ளி குத்தினேன். தம்பியுடையதில் அவன் பெயரின் முதலெழுத்தையும் குத்தினேன். அவற்றை ஏற்றிக்கொண்டு உருக்கு உலைக்கு லாரி கிளம்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

நேற்று மதியம், இன்று முதலாவதாக வழங்கவிருக்கும் புதிய துப்பாக்கியின் தகட்டைக் கழற்றினேன். மூன்று புள்ளி. பக்கத்தில் ஓர் எழுத்து. பெட்டியிலிருந்த மற்றவற்றையும் திறந்தேன். மூன்று புள்ளி, மூன்று புள்ளி, பதினேழிலும் மூன்று புள்ளி. செத்தவன் திரும்பி வரவில்லை, ஐயா. அவனைக் கொன்றது வார்னிஷ் பூசிக்கொண்டு, புது எண் பொறித்துக்கொண்டு, மாலை மரியாதையோடு வந்திருக்கிறது.

என்ன மைக்செட் தம்பி, அணைக்கச் சொன்னார்களா? அணைத்துக்கொள். என் தொண்டைக்கு அது தேவையில்லை.

அந்த முதல் துப்பாக்கியை வாங்கிக்கொள்ள முன்வரிசையில் விறைத்து நிற்பவள் யார்? என் தம்பி மகள். ஏற்புச் சான்றில் நான் கையெழுத்திடவில்லை, இடவும் மாட்டேன். தலைவர் அவர்களே, தரமானது என்கிறீர்களே, அதோ அந்த மண்மேட்டுக்கு வாருங்கள். ஒரே ஒரு தோட்டா போட்டு, உங்கள் கையாலேயே தரையில் ஊன்றிக் காட்டுங்கள்.

ஏன் ஐயா நாற்காலியைப் பின்னால் இழுக்கிறீர்கள்? இன்னும் தோட்டாவே போடவில்லையே.

மகளே, நீட்டிய கையை மடக்கிக்கொள். பேசாமலே பதில் சொன்ன தலைவருக்கும், எழுந்து நிற்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி, வணக்கம்.