மொட்டைமாடியில் நான்கு தோல்கள்

துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைக்கப் பெரிய பலம் வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் சயா. கதவிடுக்கில் கொடுத்து அழுத்தினால் கொண்டை ஊசி மாதிரி வளைந்துவிடும். லைங் தாயா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கார்மெண்ட் ஆலையில் கோணிப்போன கம்பிகளைத் தூக்கி எறிவார்கள். பத்துப் பதினைந்து வீட்டுக்கு எடுத்து வந்தாலும் யாரும் கேட்பதில்லை.

என் கணவர் இருந்தவரை மொட்டைமாடியில் முயல் வளர்த்தோம். தோல் காய வைக்க அப்போது பழகினேன். முடி உள்ளே போகும்படி தோலைப் புரட்டி, கம்பியில் இழுத்து மாட்டி, கீழே துணிக் கிளிப்பால் இறுக்க வேண்டும். கொழுப்பை மழுங்கிய கரண்டியால் வழிக்கலாம். கத்தி வேண்டாம், ஓட்டை விழும். வெயிலும் ஆகாது. நிழலும் காற்றும் போதும்.

அவர் போன பிறகு எனக்குப் பேச்சுத் துணை எதிர்வீட்டு நூர் பீவி அக்கா மட்டும்தான். அவளுக்கு மகள் மலேசியாவில். இங்கே நான்கு பூனைகள். சாயங்காலம் தட்டைத் தட்டினால் நான்கும் ஓடிவரும். நீங்கள் பூட்டிய அவள் வீட்டிலிருந்து இரண்டு நாளாக அந்தத் தட்டைத் தட்டும் சத்தம் கேட்கிறது. அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டீ போட்டுக் கூப்பிட்டால், "இதுங்களுக்கு மீன் அவிக்கணும் பாமா, அப்பறமா வர்றேன்" என்பாள். வரமாட்டாள்.

தை மாதம் முதல் பூனை காணாமல் போனது. அன்றைக்கு அக்கா என் வீட்டுக்கு வந்து அழுதாள். விளக்கு வைக்கும் வரை இருந்தாள். சேர்ந்து சாப்பிட்டோம். மூன்று வாரம் தினமும் வந்தாள். பிறகு வருவது குறைந்தது. பங்குனியில் இரண்டாவது பூனை போனது.

மற்ற இரண்டும் அப்படித்தான். எதையும் நான் துன்பப்படுத்தவில்லை. என் மடிக்குப் பழகியவை, கழுத்தைப் பிடித்தால்கூடச் சத்தம் போடாது. தோலை வீசி எறிய மட்டும் மனம் வரவில்லை. அவளுடைய பிள்ளைகள் அல்லவா.

ஞாயிறு மத்தியானம் வானம் இருண்டதும், என் வீட்டுக்கு வந்திருந்த அக்கா நான் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனாள். நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பியோடு ஒரு தோல். உள்ளே விரல் விட்டு முடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாமா, இது என் சீனிதானே?"

"ஆமாக்கா."

பொய் சொல்லக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

"எதுக்குடி?"

"நீங்க வந்தீங்கல்லக்கா."

எழுந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சுவர் முழங்காலுக்குச் சற்று மேலேதான். "இனி உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள்.

மழையில் கால் வழுக்கி விழுந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மழை அதற்குப் பிறகுதான் வந்தது, சயா. நான்தான் தள்ளினேன், இரண்டு கையாலும்.

அக்கா அப்படிச் சொன்னது கோபத்தில்தான். இரண்டு நாள் போயிருந்தால் வந்திருப்பாள்.