வெறுங்கையோடு இறந்ததாகச் சொல்லப்பட்டவர்

எனக்கு வயது நாற்பத்தொன்று. குடிநீர் வாரிய பம்ப் அறையில் ஃபிட்டர். பம்ப் அறைக்குப் பின்னால் உள்ள தொழிலாளர் குடியிருப்பில், இரண்டாம் வரிசை ஏழாம் வீட்டில் வசிக்கிறேன். இறந்தவர் என் தங்கையின் கணவர். பன்னிரண்டு வருடமாக என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்.

வேற்றுக்கிரக வேட்டைக்காரர்கள் சென்ற வருடம் இங்கே வந்து இறங்கியதும், அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருப்பதும் எல்லோரும் அறிந்ததே. கையில் இரும்பு பிடித்தவன் அவர்களுக்கு இரை. வெறுங்கையனைத் தொடக்கூடாது. தொட்டால், தொட்ட வேட்டைக்காரனை அவர்களில் மூத்தது கொன்றுவிடும். ஆகவே அவர்கள் உள்ளே வந்தால் கருவிகளைக் கீழே போட்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டும்படி சூப்பர்வைசர் எழுதி ஒட்டியிருக்கிறார்.

அவர்களில் இளசான ஒன்றுக்கு, எட்டடி உயரம் இருந்தும், குட்டையன் என்று பெயர் வைத்தது என் மச்சான்தான். அது ஓடுகிற மோட்டார் பெல்ட்டைத் தாண்டிக் குதிக்கும், கூரை விளிம்பில் ஒற்றைக்காலில் நிற்கும். இவரும் அதற்குக் குறைந்தவர் இல்லை. கையை விரித்துக்கொண்டு அதன் மூக்குக்கு நேரே போய் நிற்பார். எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். கேட்டால்தானே.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் மூன்றாம் பம்ப்பின் அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். மச்சான், "இருபத்திநாலாம் நம்பர் ஸ்பேனரைப் போடு மச்சான்" என்று கேட்டார். பெட்டி என் தலைமாட்டில் இருந்தது. நாங்கள் கருவியைக் கையில் கொடுத்து வாங்குவதில்லை. "பிடி" என்று வீசுவோம், மற்றவர் பார்க்காமலே பிடிப்பார். நான் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தபோது குட்டையன் உள்ளே வந்திருக்கிறது. மோட்டார் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை. மச்சான் கையை விரித்துக் காட்டி, "வாடா குட்டையா, என்ன கிழிச்சிடுவே?" என்று இடுப்பை ஆட்டியதாகக் கண்ணாடி அறையிலிருந்த ஆபரேட்டர் அம்மா பிறகு சொன்னார். அவர் அதோடு பயந்து மேசைக்கடியில் புகுந்துவிட்டதால் அதற்குமேல் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் "பிடி" என்று ஸ்பேனரை வீசினேன். அவர் பிடித்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

அதன் பிறகு நான் வெளியே வந்து பார்த்தபோது அவருக்கு உயிர் இல்லை. விரல்கள் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை எடுத்து, துடைத்து, பெட்டிக்குள் வைத்தேன். குட்டையன் பார்த்துக்கொண்டே நின்றது. தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயத்தைத் தவிர அப்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை.

அதன் பிறகு மூத்தது வந்து மச்சானின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தது. எங்கள் பேச்சு அதற்குக் கொஞ்சம் வரும். என்னிடம் "இரும்பு?" என்று கேட்டது. நான் "இல்லை" என்றேன். குட்டையன் பெட்டியை ஒருமுறை சுட்டிக்காட்டியது. மூத்தது அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு குட்டையன் கத்தியைக் கீழே வைத்து மண்டியிட்டு, நாங்கள் காட்டுவது போலவே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டியது. மூத்தது ஒரே வெட்டில் முடித்தது. குட்டையன் அதன் சொந்தப் பிள்ளை என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

தவறாகக் கொன்றவனின் தகப்பன், செத்தவன் வீட்டுக்குக் காவல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடாம். அன்றிலிருந்து மூத்தது என் தங்கை வீட்டு வாசலில் இருக்கிறது. அவள் தண்ணீர்க் குடம் எடுத்தால் வாங்கிச் சுமக்கிறது. அதைப் பார்த்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொல்லிக் கொல்லவைத்தவனை வெறுங்கை காப்பாற்றாது என்றும் எனக்குத் தெரியும்.

என் தங்கை இந்தக் காவல் நிலையத்தின் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "அவரு கையில ஒண்ணுமே இல்லன்னு தெளிவா சொல்லுண்ணா. அந்தப் பேராவது அவருக்கு மிஞ்சட்டும்" என்று சொல்லித்தான் என்னை உள்ளே அனுப்பினாள். அதே பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் மூத்ததும் உட்கார்ந்திருக்கிறது. இந்த வாக்குமூலத்தை நானே வெளியே போய் இருவருக்கும் சேர்த்துப் படித்துக்காட்ட அனுமதிக்க வேண்டுகிறேன்.

யாருடைய மிரட்டலுக்கும் பயப்படாமல், சுயநினைவோடு நான் சொன்னவை இவை. படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஃபிட்டர், மூன்றாம் பம்ப்