வரிசையாக நின்றாலும்

— அப்ப குறுக்குவழியே கிடையாதுங்கிற?

— கிடையாது ஆண்டனி. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நிரூபிச்சிட்டாரு. கடுதாசியில எழுத மனசு வரல. மெட்ராஸ்ல பஸ் ஏறி நேரா காரைக்குடி வந்துட்டேன்.

— இங்குட்டு உக்காரு அகிலா. அந்த நாற்காலி ஆடும்.

— இதென்ன தாடி? கம்ப்யூட்டர் சென்டர்னு போர்டு இருக்கு, பிள்ளைகளையே காணோம்?

— கரண்டு இல்ல. இருந்தாலும் பெருசா யாரும் வர்றதில்ல.

— அப்ப யாருகிட்டதான் பேசுவீக?

— போகட்டும். உன் டாக்டர் பட்டம்?

— அதான் போச்சே! ஒரு புரோகிராமோட ஒவ்வொரு பாகமும் தனியா நல்லா ஓடுது. கோத்துவிட்டா ஒன்னுக்கொன்னு காத்துக்கிட்டு மொத்தமும் நின்னுபோகுமா? சட்டுனு சொல்ல ஒரு வழி வேணும். இதானே என் ஆராய்ச்சி?

— பாகத்தைக் கூட்டக் கூட்ட, பாக்க வேண்டிய சேர்க்கை ரெண்டு ரெண்டு மடங்கா பெருகும்.

— பாகமெல்லாம் வரிசையா நின்னு, பக்கத்துல உள்ளதோட மட்டும் பேசுனா வழி இருக்கும்னு நம்புனேன். நீங்களும் படிப்பை விட்டுட்டு வந்த பிறகுகூட மாசாமாசம் என் கடுதாசிக்குப் பதில் எழுதுனீகளே, விடாதே, தேடுன்னு.

— எழுதுனேன்.

— வரிசையா நின்னாலும் கஷ்டந்தானாம். நிரூபணம் ஒன்றரைப் பக்கம். ஒரு மெஷினோட மெமரியைக் கட்டம் கட்டமா நறுக்கி...

— கட்டத்துக்கு ஒரு பாகம். எப்பேர்ப்பட்ட கணக்கையும் அந்த வரிசையே போட்டுரும். கணக்கு முடிஞ்சா மட்டும் எல்லாம் நிக்கணும். அப்ப நிக்குமான்னு சொல்றது அந்தக் கணக்கையே போடுற கஷ்டம். ஓரத்துல ஒரு சிக்கல் வரும், அங்க ஒரு வெத்துப் பாகத்தை வச்சாச் சரியாயிரும்.

— வெத்துப் பாகமா?

— ஆமா.

— அவரு கட்டுரையில அது இல்லியே. அவரு அந்த இடத்துல ரொம்பச் சுத்துறாரு. நீங்க சொல்றது சுருக்கமா இருக்கு.

— டீ சொல்லவா?

— ஆண்டனி, இதை எப்பக் கண்டுபிடிச்சீக?

— ஊருக்கு வந்த வருசமே.

— அப்பவே சொல்லியிருந்தா அந்தக் கட்டுரையில என் பேருல்ல இருந்திருக்கும்? பட்டம் வாங்கி எங்கியாவது வேலையில இருந்திருப்பேன்.

— இருந்திருப்ப. அப்புறம் எனக்கு எதுக்குக் கடுதாசி எழுதியிருக்கப் போற?