சர்க்கரையில்லாத ஆரஞ்சு மிட்டாய்

லேக் மார்க்கெட்டில் சர்க்கரையில்லாத ஆரஞ்சு மிட்டாய் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை, சார். மூன்று கடை ஏறி இறங்கினேன்.

சத்யப்ரியாவும் நானும் ஒரே வங்கிக் கிளை, ஒரே செஸ் கிளப். சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்பவள். ஆட்டம் நீண்டால் அவளுக்குச் சர்க்கரை இறங்கிவிடும், கை நடுங்கும். அதற்காகவே ஒரு டப்பி ஆரஞ்சு மிட்டாய் கூடவே வரும்.

எட்டு வருடமாக அவளும் நானும் டிராதான். மந்திரிக்கு முன்னாலிருக்கும் சிப்பாயை நான் இரண்டு கட்டம் தள்ளினால் அவளும் தள்ளுவாள். நான் குதிரையை எடுத்தால் அவளும் குதிரை. கடைசியில் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாள். "டிரா வெச்சுக்கலாமாக்கா?" அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை, ஜாதவ்பூரில் கடைசிச் சுற்று. ஜெயித்தால் மாநில அணியில் எனக்கு இடம். டிரா என்றால் அவளுக்கு. எனக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கு நாற்பதுதான். அவளுக்கு இன்னும் எத்தனையோ போட்டி இருக்கிறதே என்று நினைத்தேன்.

"பையைப் பாத்துக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். பார்த்துக்கொண்டேன். மிட்டாயை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கை கொஞ்சம் நடுங்கட்டும், ஒரு தப்பு செய்யட்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அன்றைக்கும் என்னை அப்படியே பின்பற்றினாள். மூன்றாவது மணி நேரத்தில் வியர்த்தது. ஒரு மிட்டாய் போட்டுக்கொண்டாள். பிறகு நான்கு. மிட்டாயை நம்பியதால் யாரையும் கூப்பிடவில்லை. என் இருபத்திரண்டாவது நகர்த்தலைத் தன் தாளில் எழுதும்போது அவள் பேனா கோணிக்கொண்டு போனது.

"அக்கா, எனக்கு என்னமோ..." என்றாள்.

நான் உதட்டில் விரலை வைத்தேன். ஆட்டத்தின் நடுவில் எதிராளியோடு பேசக்கூடாது, சார். சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. நடுவர் ஸ்மிதா தீதியைக் கேட்டுப் பாருங்கள்.

அவள் கையை மடித்து அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். யோசிக்கும்போது பலரும் அப்படிச் செய்வதுதான் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவள் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் மீதி இருந்தது. அது பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் முறைப்படி கையைத் தூக்கி தீதியைக் கூப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

மாற்றியது நான்தான், காத்திருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பலகை அப்போதும் சரிசமமாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த நகர்த்தலுக்கு நான் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அவள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருந்தால், நியாயமாகவே ஜெயித்திருப்பேன்.