இரண்டு கம்பெனி, ஒரே அடுப்பு

டோரினெல்: ஷட்டரை எதுக்கு இறக்கறே, ஸம்ஃபிரா? வாசல்ல ஏழு பேர் நிக்கறாங்க.

ஸம்ஃபிரா: இன்னும் பத்து கொசொனாக் ரொட்டி வித்தா என் கம்பெனி சின்னக் கம்பெனிக்கான விற்பனை வரம்பைத் தாண்டிடும்.

டோரினெல்: என் கம்பெனி பேர்ல பில் போடு.

ஸம்ஃபிரா: உன்னுது நேத்தே விளிம்புக்கு வந்தாச்சு.

டோரினெல்: கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள்தான் இருக்கு. ஊரே இனிப்பு ரொட்டி கேக்குது, நாம பிசைஞ்ச மாவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?

ஸம்ஃபிரா: வேற வழி? இப்ப வித்ததுல நூத்துக்கு ஒண்ணுதான் வரி கட்டறோம். வரம்புக்கு மேல ஒரே ஒரு லெயு கூடிப்போனா, லாபத்துல நூத்துக்குப் பதினாறு.

டோரினெல்: வளர்றவன் தலையிலதான் குட்டறாங்க. படிப்படியா ஏத்தினா எவன் டிசம்பர்ல கடையை மூடுவான்?

ஸம்ஃபிரா: அதை புக்கரெஸ்ட்ல அரசாங்கத்துக்கிட்ட போய் சொல்லு. என்கிட்ட எதுக்கு...

டோரினெல்: கேக்கவா போறாங்க. எதிர்த்த தச்சனைப் பாரு, ரெண்டாவது கம்பெனி மச்சான் பேர்ல.

ஸம்ஃபிரா: உனக்கு மச்சான் இல்ல. அதான் ரெண்டாவது கம்பெனி என் பேர்ல, அதுக்காகக் காகிதத்துல விவாகரத்து.

டோரினெல்: புருஷன் பொண்டாட்டின்னா ரெண்டையும் சேர்த்து எண்ணுவாங்கன்னு ஆடிட்டர் சொன்னார்னியே.

ஸம்ஃபிரா: ஆமா... சொன்னார்.

டோரினெல்: ஜனவரியிலேர்ந்து வரம்பையே பாதியாக்கறாங்க. ரெண்டும் தாண்டிடும். இனிமே பிரிச்சு வெச்சு என்ன பிரயோஜனம்? ஒண்ணாக்கிடலாம். பெரிய அடுப்பு வாங்கலாம், ரெண்டு ஆள் போடலாம்.

ஸம்ஃபிரா: வாங்கலாம். எனக்கும் ஆசைதான்.

டோரினெல்: அப்படியே... பதிவு ஆபீஸுக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம்.

ஸம்ஃபிரா: அங்க எதுக்கு?

டோரினெல்: கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை பழசுதான், பரவாயில்லையா?

ஸம்ஃபிரா: அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்.

டோரினெல்: சொல்லு.

ஸம்ஃபிரா: ஆடிட்டர் அப்படிச் சொல்லவே இல்ல, டோரினெல். அவர் பேரை வெச்சு நான்தான் சொன்னேன். அப்ப எனக்கு நெஜமாவே உன்னை விட்டுப் போயிடணும்னு இருந்துச்சு.

டோரினெல்: அப்புறம் ஏன் போகல?

ஸம்ஃபிரா: விவாகரத்துக் காகிதம் கைக்கு வந்துச்சு. எப்ப வேணா போகலாம்னு ஆனதும்... போகத் தோணல. அஞ்சு வருஷமா உன்கிட்ட மறைச்சிட்டேன்.

டோரினெல்: எங்க மறைச்சே? நீ சொன்ன மறுநாளே ஆடிட்டரைப் பாத்துக் கேட்டுட்டேன். போகணும்னு நெனக்கறவளைப் பிடிச்சு வெக்கக்கூடாதேன்னு... தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டேன்.