இடது நாற்காலி

காபி நன்றாக இருக்கிறது ஐயா. ஏலக்காய்தான் கொஞ்சம் தூக்கல். விமான நிலையத்தில் எங்களை யாரும் இப்படி உட்கார வைத்துக் கொடுப்பதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று அம்மான் நகரத்துக்குப் போகும் விமானத்தின் துணை விமானிக்கு வயிறு சரியில்லை. பதிலுக்கு இன்னொரு கேப்டனையே அனுப்பிவிட்டார்கள். நாயிஃப் ஒரு கேப்டன், முன்திர் ஒரு கேப்டன். மரியாதைக்கு மகன் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள், நாயிஃப் அபூ ஸைஃப், முன்திர் அபூ லைத். யார் சொல்வது செல்லும் என்று அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். இரண்டும் பெரிய குடும்பம், யாரைப் பகைத்துக்கொள்வது? "அல்லாஹ் உங்களுக்கு ஆயுச நீட்டிக் கொடுக்கட்டும், நீங்களே பேசி முடிச்சிக்குங்க" என்று வைத்துவிட்டார்கள்.

விமானி அறையில் இடது நாற்காலி தலைவனுடையது. நாயிஃப் முந்திப் போய் அதில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்காகச் சூடு பண்ணி வைக்கிறீங்களா, அபூ ஸைஃப்?" என்றார் முன்திர். "நான் கேப்டனானப்ப உங்களுக்கு மீசையே முளைக்கல."

"உங்க வயசுக்கு மரியாதை உண்டு, அபூ லைத். அதனாலதான் வெயில் படாத சீட்ட விட்டுவச்சிருக்கேன்."

புறப்படுமுன் விமானிகளில் ஒருவர் இறங்கி விமானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வழக்கமாக அது இரண்டாமவர் வேலை. ஆகவே இருவருமே இறங்கவில்லை.

கீழே நான் நின்றிருந்தேன். மூக்கருகே வேகத்தை அளக்கும் குழாய்கள் இருக்கின்றன. மணல் புகாமல் உறை மாட்டியிருப்போம். கழற்றுவது என் வேலை. ஜன்னலைப் பார்த்துக் கேட்டேன்.

"கழட்டு," என்றார் நாயிஃப்.

"நான் சொல்லாம அதுல கைய வெச்ச, ஒட்டகம் மேய்க்க அனுப்பிருவேன்," என்றார் முன்திர்.

பிறகு இருவரும் வேறொரு சண்டைக்குப் போய்விட்டார்கள். நான் காத்திருந்தேன்.

உறையில் நீளமாக ஒரு சிவப்பு நாடா தொங்கும். 'பறக்குமுன் கழற்றவும்' என்று எழுதியிருக்கும். தலை நரைத்த பிறகு எழுத்துப் படித்தவன் நான், கூட்டிக் கூட்டி வாசித்தேன். காற்றில் படபடத்துக் கண்ணை உறுத்தியது. சுருட்டி உள்ளே செருகினேன்.

எல்லாம் சரியா என்று இரண்டு ஜன்னலிலிருந்தும் சைகை வந்தது. இரண்டு கையாலும் ஆளுக்கொரு கட்டைவிரல் காட்டினேன். ஒருவருக்கு மட்டும் காட்டினால் பக்கம் சாய்ந்ததாகிவிடும்.

கோபமா என்கிறீர்களா? இல்லை ஐயா. இத்தனை வருஷமும் என்னை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை. யார் தலைவர் என்பது முடிவாகட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். உள்ளே ஒரு கல்யாணக் கூட்டம் இருந்தது. அவர்களுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

நேற்று நீங்கள் போட்டுக்காட்டிய விமானி அறை ஒலிப்பதிவைக் கவனமாகக் கேட்டேன். விமானம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"வேக முள்ளு அசையல. நிறுத்தலாமா?"

"தலைவர் நாற்காலியில நீங்கதான இருக்கீங்க. நீங்க சொல்லுங்க."

"மூத்தவர் நீங்க இருக்கும்போது நான் எப்படி, அபூ லைத்? நீங்களே சொல்லுங்க."

அதற்குள் ஓடுபாதை முடிந்து பள்ளம் வந்துவிட்டது.

கடைசியிலாவது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள், பார்த்தீர்களா. அந்தப் பண்பை அவர்களிடம் வரவழைத்தது நான்தான் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.