குச்சி உருவம்

போடியிலிருந்து தேனி போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சேலையில் ஏலக்காய் வாசம் தூக்கலாக இருந்தது.

“ஏலக்கா ஸ்டோர் கம்ப்யூட்டர்ல, காய் பொறுக்குற நாங்க வெறும் குச்சியாத்தேன் தெரியுறோம் மதினி. மூஞ்சியும் இல்ல, சேலையும் இல்ல. தலை, கை, காலு, அம்புட்டுத்தேன்.”

“கேமரா முன்னயே இருந்துச்சே?”

“அது ஒண்ணே ஒண்ணுதேன். நம்ம முதுகு அதை மறைச்சிரும். இப்ப நாலு மூலையிலயும் மாட்டி, நாலையும் ஒண்ணாச் சேத்துட்டாக. எவ கை எங்குட்டுப் போகுதுன்னு தப்பாமத் தெரியுது.”

“தெரிஞ்சா என்ன? காய் பொறுக்குற கைதேனே?”

“செல்வி நிறைமாசமா இருக்கா. குனிய முடியலைன்னு, நான் பொறுக்குன காயை அள்ளி அவ முறத்துல போடுவேன். மாசமா இருக்குறவளுக்குப் பக்கத்துல உக்காந்தவ செய்யுறதுதேன், காலங்காலமா நடக்குது. என் கை அவ முறத்துக்குப் போறதும், அவ கை சும்மா கெடக்குறதும் கேமராவுல விழுந்துருச்சு. நேத்து அவளை வேலையவிட்டு நிப்பாட்டிட்டாக.”

“அடப்பாவிகளா! வயித்துப்பிள்ளைக்காரின்னு நீ சொல்லலையா?”

“சொல்லாம இருப்பேனா? மேனேஜர் அவளை ஏறெடுத்துப் பாக்கல மதினி. கம்ப்யூட்டரத்தேன் எம்பக்கம் திருப்பிக் காட்டுனான். குச்சிக்கு ஏது வயிறு?”